தலைக்கணக்கு

மணிக்கொரு தரம் எழுந்து
ஆட்களை எண்ண வேண்டும் நான்.
உள்ளங்கையில் ஒரு குட்டிக் கருவி, அமுக்கினால் டிக்.
உட்கார்ந்திருப்பவர், நிற்பவர், கணினி முன் இருப்பவர்:
படிவத்தில் மூன்றே கட்டம்.
தூங்குகிறவரை உட்கார்ந்திருப்பவரில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

டுலூத். ஜனவரி. ஏரி உறைந்து
ஜன்னலுக்கு அப்பால் வெறும் தரையாகக் கிடந்தது.
ஏழே முக்காலுக்கு வந்தாள்
கார்லிஸ் ஹாகன், செவிலியர் படிப்பு, இரண்டாம் ஆண்டு.
முதுகில் ஒரு பை, தோளில் ஒரு பை,
கையில் டோபின், வயது ஆறு,
ஒரு காலணியின் நாடா அவிழ்ந்து ஈரத்தில் இழுபட.

அவளுக்கு வேண்டியது உடலியங்கியல், ஐந்தாம் பதிப்பு.
என் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது.
இரண்டு மணி நேர இரவல். கட்டடத்தைத் தாண்டக் கூடாது.
கடையில் அதன் விலை அவள் வாடகையில் பாதி.
அவள் சொல்லவில்லை.
அந்த விலையும் தெரியும் எனக்கு, அந்தத் தெருவும் தெரியும்.

உள்கதவுக் கண்ணாடியில் புதுத் தாள்:
இரவு எட்டுக்கு மேல்
பதினான்கு வயதுக்குக் குறைந்தோர் அனுமதிக்கப்படார்,
பெற்றோருடன் வந்தாலும்.
யாரோ புகார் எழுதினார்களாம்,
வண்ணப் பென்சில் மேசையில் உருளுகிற சத்தம் என்று.
மூன்றாம் மாடியில் கால்பந்துக்காரர்கள்
பீட்சா தின்று சிரிப்பதைப் பற்றித் தாள் எதுவும் இல்லை.

புத்தகம் வெளியே போகாது.
பிள்ளை உள்ளே இருக்காது.
நடுவில் அவளுக்குப் பதினைந்து நிமிடம்.

பதினைந்தையும் படித்தாள்,
சிறுநீரகத்தை, நின்றபடி, என் மேசை ஓரத்தில்.
வடிப்பது, திரும்ப உறிஞ்சுவது, வெளியேற்றுவது.
உதடு மட்டும் அசைந்தது.
டோபின் தரையில் உட்கார்ந்து
காலணி இடுக்கிலிருந்து பனியைத் தோண்டி வரிசையாக வைத்தான்.
ஒன்று உருக இன்னொன்று.

எட்டு.
நான் எதுவும் சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன்.
அதுவும் சொல்வதுதான்.

"காலையில வாங்களேன்."
"காலையில ஆஸ்பத்திரிப் பயிற்சி."
"மத்தியானம்?"
"பேக்கரி வேலை."
"இவனை யாராவது ஒரு மணி நேரம்..."
அவள் பார்வையில் கோபம் இல்லை.
இதே கேள்வியைக் கேட்டவர்களை எண்ணிக்கொண்டு வருகிறாள் போல.
டிக்.

பேருந்து எட்டு ஐம்பதுக்கு.
உள்கதவுக்கும் வெளிக்கதவுக்கும் இடையே ஆறடி,
ஒரு கம்பளம், தலைக்கு மேல் வெந்காற்று.
அங்கே போய் நின்றாள்.
வேறெங்கே நிற்பாள், வெளியே மைனஸ் இருபத்தாறு.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனேன்.
உள்கதவைத் திறந்து நாற்காலியை முட்டுக்கொடுத்தேன்.
இந்தப் பக்கம் நாற்காலியில் சிறுநீரகம், விரித்தபடி.
அந்தப் பக்கம் கம்பளத்தில் அவள், மடியில் பையன்.
கை நீட்டிப் பக்கம் திருப்பினாள்.
புத்தகம் உள்ளே, பிள்ளை வெளியே.
எந்த விதிக்கும் கீறல் இல்லை.
குளிர் என் மேசைவரை வந்து உட்கார்ந்துகொண்டது.
"கதவைச் சாத்துங்க" என்று யாரோ கத்தினான்.
(துணிச்சல் ஒன்றும் இல்லை.
மறுநாள் மேலாளர் கேட்டபோது
கீல் கெட்டுவிட்டது என்றேன்.)

எட்டரை. எண்ணும் நேரம்.
"என்னை எண்ணிட்டியா?" என்றான் டோபின்.
நீ கணக்குல இல்லப்பா என்று நாக்கு நுனி வரை வந்தது.
"நீ நிக்கிறியா, உட்கார்ந்திருக்கியா?"
யோசித்தான். "அம்மா மேல இருக்கேன்."
கருவியை அவனிடம் கொடுத்தேன்.
அம்மாவுக்கு ஒன்று அமுக்கினான், தனக்கு ஒன்று,
புத்தகத்துக்கு ஒன்று, எனக்கு ஒன்று,
பிறகு நிறுத்தாமல்
பனி மூடி நின்ற கார் ஒவ்வொன்றுக்கும்.

படிவத்தில் அன்றிரவு இருநூற்றுப் பதினேழு பேர்.
இதுவரை யாரும் கேட்கவில்லை.

தேர்வில் என்ன வாங்கினாள், தெரியாது.
பிப்ரவரியில் வெளிக்கதவுக்கும் ஒரு தாள் வந்தது:
நுழைவிடத்தில் அமர வேண்டாம்.
அச்செடுத்து, மட்டம் பார்த்து,
நான்கு மூலையும் அழுத்தி ஒட்டியது
நான்தான்.